ஜெரால்டு சொல்லாமல் விட்ட வரி

சபையில் ஜெரால்டுக்கு ‘டிரான்ஸ்லேட்டர் தம்பி’ என்று பெயர். மற்றபடி அவன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வால்வு வார்க்கும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். வார்ப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். விரிசல் தெரிந்தால் சிவப்புச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஓரமாக வைப்பான். எட்டு மணி நேரத்தில் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே வராது. அதனாலேயே அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது.

மொழிபெயர்ப்பு தானாக வந்து மாட்டிக்கொண்டது. நாலு வருஷத்துக்கு முன்னால் பொன்னேரியில் ஒரு நற்செய்திக் கூட்டம். வழக்கமாக மொழிபெயர்க்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. டிப்ளமோ முடித்தவன், இங்கிலீஷ் தெரிந்தவன் என்று பாஸ்டர் எபினேசர் இவனைக் கையைப் பிடித்து மேடையில் ஏற்றிவிட்டார். மைக்கைப் பிடித்தான். பேசுவது நாம் இல்லையே, இன்னொருவர் சொல்வதைத்தானே சொல்கிறோம் என்று நினைத்ததும் வெட்கம் எங்கோ போய்விட்டது. கீழே உட்கார்ந்திருந்த அவன் அம்மா முத்தம்மா பக்கத்தில் இருந்தவளிடம், “ஊட்ல ஒரு கை உப்பு போடுன்னு கேக்க வாயி வராது இவனுக்கு. மைக்குல இன்னா போடு போடறான் பாரேன்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம்.

இந்த ஜனவரியில் கொரியாவிலிருந்து ஐந்து பேர் கொண்ட குழு சுற்றுலா விசாவில் வந்தது. “யாரும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடாதீங்க. சும்மா நம்மளப் பாக்க வந்துக்கிறாங்க, அவ்ளோதான்” என்று பாஸ்டர் மூன்று ஞாயிறாக எச்சரித்திருந்தார். குழுவில் நாலு பேர் நடுத்தர வயதுக்காரர்கள். ஐந்தாவது ஆள் சுஜின். இருபது வயது, நர்சிங் இரண்டாம் வருஷம். கொரியாவை விட்டு வெளியே வருவது அவளுக்கு இதுதான் முதல்முறை. மற்றவர்களுக்கு இங்கிலீஷ் அறவே வராது என்பதால் வீடு வீடாகப் போகிற வேலைக்கு சுஜின் முன்னால் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் ஜெரால்டு. கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு மூன்று நாள் லீவு எடுத்திருந்தான்.

திங்கட்கிழமை காலையில் அவர்களை வேனிலிருந்து இறக்கி ஆளுக்கொரு சால்வை போட்டார்கள். சால்வையைப் போட்டுக்கொண்டே இருப்பதா, மடித்துக் கையில் வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் சுஜின் அந்த வெயிலில் நாஷ்டா முடியும்வரை அதைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் நாலு பேர் ஜெபத்துக்காக அவள் முன்னால் தலையைக் குனிந்து நின்றார்கள். ஒருத்திக்கு மூட்டுவலி, ஒருத்தன் மகனுக்கு அப்ரன்டிஸ் வேலை நிரந்தரமாக வேண்டும். அவள் இட்லிக் கையை என்ன செய்வது என்று ஜெரால்டைப் பார்த்தாள்.

வேனில் போகும்போது ரோலிங் மில் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த புகையைக் காட்டி, “அது மேகமா?” என்று கேட்டாள்.

“இல்லை. ஸ்டீல் கம்பெனி.”

கொஞ்ச தூரம் போன பிறகு, இன்னும் மெதுவாகச் சொன்னாள்: “எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லோரும் என்னை ஜெபிக்கச் சொல்கிறார்கள். எங்கள் சபையில் நான் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவுகிறவள்.”

இதை யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஜெரால்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். அந்த மூன்று நாளில் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நாலாவதாகப் போனது யேசுதாஸ் வீடு. யேசுதாசும் ஜெரால்டின் அப்பாவும் பொன்னேரிப் பக்கத்து வயல்களில் ஒன்றாக நாற்று நட்டவர்கள். வயலெல்லாம் கம்பெனியானபோது ஒரே வாரத்தில் இருவரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கேட்டுக்குள் போனார்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். யேசுதாஸ் பழைய இரும்பை லாரியிலிருந்து இறக்கும் வேலையில் இருந்தார். எட்டு வருஷமாகச் சர்க்கரை. கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் ஒரு துருப்பிடித்த கம்பி பூட்ஸைத் துளைத்துக்கொண்டு இடது பாதத்தில் ஏறிவிட்டது. உணர்ச்சியில்லாத கால். பூட்ஸைக் கழற்றி ரத்தத்தைப் பார்த்தபோதுதான் அவருக்கே தெரிந்தது.

வாசலில் அவர் மனைவி விக்டோரியா புதுப்புடவையில் நின்றிருந்தாள்.

“வாங்க, வாங்க! இன்னாபா ஜெரால்டு, இம்மாஞ் சின்னப் பொண்ணா கீது? நான் இன்னாமோ பெரிய ஊழியக்காரம்மா வருவாங்கன்னுல்ல இருந்தேன்!”

“உனக்கு சைஸ் பாத்தா அனுப்புவாரு ஆண்டவரு?” என்றார் உள்ளே கட்டிலில் படுத்திருந்த யேசுதாஸ். “ஜெரால்டு, அந்தப் பொண்ண ஃபேனுக்குக் கீய உக்கார வைப்பா. வேத்து வடியுது.”

சுஜின் ஃபேனுக்குக் கீழே உட்காரவில்லை. நேராகக் கட்டிலின் காலடியில் மண்டியிட்டாள். விக்டோரியா கட்டுத்துணியை அவிழ்த்தாள். அறையெங்கும் நாற்றம் எழுந்தது. வாசலில் நின்றவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டார்கள். சுஜின் மூக்கைத் தொடவில்லை. பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். ஓட்டையைச் சுற்றிச் சிவப்பு, நடுவில் சாம்பல் நிறம். ஜெரால்டுக்கு அந்தப் பார்வை தெரியும். அவனே தினமும் இரும்பை அப்படித்தான் பார்க்கிறான்.

டாக்டரிடம் போனார்களா, சர்க்கரை எவ்வளவு, மருந்து சாப்பிடுகிறாரா என்று அவள் கேட்டாள்.

“மாத்திர சாப்பிடறாரான்னு கேக்கறாங்க அத்தே.”

“அதெல்லாம் நிறுத்தியாச்சு நைனா!” என்றாள் விக்டோரியா. “பொருத்தனை பண்ணிக்கினேன். வெளிநாட்டு ஊழியக்காரங்க வந்து கைய வைக்கிற வரைக்கும் மாத்திர, ஊசி, ஒண்ணும் தொடமாட்டோம்னு. இன்னியோட பதினேயு நாளு. ஒரு நாளு தவறல. நல்லா எடுத்துச் சொல்லு அவங்ககிட்ட.”

பிள்ளை பத்தாம் வகுப்பில் எடுத்த மார்க்கைச் சொல்லும் தாயின் முகம் அவளுக்கு. அவளிடம் யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. பாஸ்டருக்கே தெரியாது. உபவாச ஜெபத்தின் முதல் நாள், முழங்காலில் நின்றபோது அவளாகவே வேண்டிக்கொண்டது.

ஜெரால்டு வாக்கியத்தை மனதுக்குள் ஆங்கிலத்தில் அடுக்கினான். பதினேழு நாளாக மருந்தை நிறுத்திவிட்டார்கள், நீ வந்து தொடுவதற்காக. தமிழில் விக்டோரியாவின் வாயிலிருந்து வந்தபோது அது விசுவாசமாக இருந்தது. ஆங்கிலத்தில் ஏற்றியதும் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. போன வருஷம் வந்த வேறொரு குழு காலனியின் பொதுக் கழிப்பறையைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஒரு பார்வை பார்த்துக்கொண்டது. அந்தப் பார்வை அவனுக்கு இன்னும் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பெண்ணும் அப்படிப் பார்த்துவிட்டால்? அதுவும் விக்டோரியா அத்தையை?

“ஆன்ட்டிக்கு ரொம்ப விசுவாசம்” என்று ஆங்கிலத்தில் சொன்னான். “உங்கள் ஜெபத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.”

“மருந்து?”

ஸ்டீல் அலமாரியின் மேல் வேதாகமத்துக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டைகள் அடுக்கியிருந்தன. ஜெரால்டு அவற்றைப் பார்த்துக்கொண்டே, “மருந்து இருக்கிறது” என்றான். பொய் இல்லை. இருந்தது.

சுஜின் தலையசைத்தாள். பாதத்தின் மேல் கை வைத்துத் தன் மொழியில் ஜெபித்தாள். பாதியில் அழுதாள். வாசலில் நின்றவர்களும் அழுதார்கள். யேசுதாஸ் கண்ணை மூடிக்கொண்டு, “சூடு ஏறுது… ஒடம்பெல்லாம் சூடா கீது” என்றார். “ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!” என்று வீடு அதிர்ந்தது. சுஜின் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“ஜுரம் கீதுன்றாங்க அத்தே.”

“இருக்கட்டும் நைனா. வல்லமை எறங்கச்சொல்ல அப்டித்தான் சுடும்.”

மறுநாள் சாயங்காலம் சபையில் கூட்டம். யேசுதாசைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு நாலு பேர் தூக்கிவந்து முன்வரிசையில் வைத்தார்கள். சுஜின் கை வைத்து ஜெபித்த ஆளைப் பார்க்கத்தானே ஜனம் வரும். காலுக்கு அடியில் இன்னொரு நாற்காலி. புதிதாகக் கட்டிய வெள்ளைத் துணிக்கு வெளியே ஐந்து விரல்களும் தெரிந்தன. சுஜின் சாட்சி சொல்ல மைக்கைப் பிடித்தாள். தன் ஊர், தன் கல்லூரி என்று எழுதிவந்த தாளை வாசித்துக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். அவள் பார்வை போன இடத்தை ஜெரால்டும் பார்த்தான். சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்திருந்தன.

அவள் தாளை மடித்தாள். “இந்த அங்கிள் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்” என்றாள்.

ஜெரால்டு சொன்னான். ஆனால் கையில் மைக் இருந்தால் அவனுக்கு ஒரே ஒரு குரல்தான் வரும், நாலு வருஷமாகப் பழகிய குரல். “இந்த ஐயா இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்!”

“ஆமென்!” என்றது சபை.

“தயவுசெய்து. தாமதிக்கக் கூடாது.”

“தாமதிக்கக் கூடாது!”

“ஆமென்! அல்லேலூயா!”

கீபோர்டு வாசிக்கும் லோகு, கூட்டம் உச்சத்துக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டு அடியில் ஒரு மெல்லிய ராகத்தை ஓடவிட்டான். சுஜின் குழம்பிப்போய் இன்னும் சத்தமாகச் சொன்னாள். ஜெரால்டும் இன்னும் சத்தமாகச் சொன்னான். “கால் செத்துக்கொண்டிருக்கிறது!” ஆமென் இன்னும் சத்தமாக வந்தது. விக்டோரியா இரண்டு கையையும் தூக்கி நின்றிருந்தாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. யேசுதாஸ் எதிலும் சேராமல், தலை ஒரு பக்கம் சாய, ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் ஜெரால்டு விக்டோரியாவிடம் போனான். இப்போது மைக் இல்லை, குரலும் இல்லை.

“அத்தே… அந்தப் பொண்ணு நெசமாவே ஆஸ்பத்திரிக்குத்தான் போகச் சொல்லுது.”

“நீ இன்னாபா, புரியாதவனாட்டம்! அவங்க பரிசுத்த ஆவில பேசறாங்க. கைய வச்சாச்சு. ஆண்டவரே மூணாம் நாளுதான எயுந்தாரு, அது வரைக்கும் பொறு. இப்பப் போயி நான் ஆஸ்பத்திரில நின்னா அந்தப் பொண்ணு ஜெபத்த நம்பலன்னு ஆயிடாது? அத்தினி தூரத்துலருந்து வந்துக்குது, பாவம். மனசு ஒடஞ்சுடாது?”

பாஸ்டரிடம் போனான். அவர் குழுவின் சாப்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். “மருந்து எடுக்கறாருல்ல? காலைல நானே வந்து பாக்கறேன். அவங்க பயண வேன் வேற எட்டரை மணிக்கு” என்றார்.

மருந்து எடுக்கவில்லை என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால், நேற்றே உனக்குத் தெரியுமா என்ற கேள்வி வரும். பாஸ்டர் அதற்குள் உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமை ஏழு மணிக்கெல்லாம் சுஜினே அவனுக்குப் போன் செய்தாள். இருவரும் நடந்தே போனார்கள். முதல் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின. பஸ்ஸில் இருந்தவர்கள் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்கள்.

யேசுதாஸ் விழித்திருந்தார். “வேலைக்கு நேரமாச்சு, பூட்ஸ் எங்க?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார். கறுப்பு மூன்றாவது விரலையும் தாண்டி மேலே ஏறியிருந்தது.

சுஜின் எழுந்து அலமாரிக்குப் போனாள். மாத்திரை அட்டைகளை எடுத்துத் திருப்பினாள். ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை. பின்னால் ஊசி மருந்துக் குப்பி, மூடிகூடக் கழற்றாமல். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஜெரால்டைப் பார்த்தாள்.

“மருந்து இருக்கிறது என்று சொன்னாய்.”

“ஆமாம்.”

“அன்றைக்கு ஆன்ட்டி நீளமாக ஏதோ சொன்னார்கள். நீ சின்னதாகச் சொன்னாய்.”

ஜெரால்டு முழுவதையும் சொன்னான். பொருத்தனை, பதினேழு நாள், எல்லாம். அவன் பயந்த பார்வையை அவள் பார்க்கவேயில்லை. விக்டோரியாவையும் அப்படிப் பார்க்கவில்லை. அவள் முகத்தில் இருந்தது பயம் மட்டும்தான்: தன் கையைப் பற்றிய பயம். அந்தக் கையைச் சட்டையிலோ வேறெங்காவதோ துடைத்துக்கொள்ள வேண்டும்போலத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

பிறகு விக்டோரியாவின் எதிரில் உட்கார்ந்து, “நான் சொல்வதை ஒன்று விடாமல் சொல்” என்றாள் அவனிடம். “நான் வெறும் மாணவி. இரண்டாம் வருஷம். இதுவரை நான் ஜெபித்து யாருக்கும் எதுவும் நடந்ததில்லை. என்னிடம் எந்த வல்லமையும் இல்லை.”

ஜெரால்டு ஒரு சொல்லும் விடாமல் சொன்னான்.

விக்டோரியா அவள் கன்னத்தை வழித்து தன் நெற்றிப்பொட்டில் விரலை நெட்டி முறித்தாள். “இன்னா தாழ்ம பாத்தியா நைனா இந்தப் பொண்ணுக்கு! இவங்கள மாதிரி ஆளுங்களத்தான் ஆண்டவரு எடுத்துப் பயன்படுத்துவாரு.”

ஜெரால்டுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. போனை எடுத்து நூற்றியெட்டுக்குச் சொன்னான். வண்டி வந்தபோது விக்டோரியா கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, “மூணாம் நாளு இன்னும் முடியலபா, சாயங்காலம் வரைக்கும் வுடுங்க” என்று கெஞ்சினாள். அப்போது சுஜின் யாரிடமும் கேட்காமல் வெளியே போய் ஆம்புலன்சில் ஏறி உட்கார்ந்தாள். பெஞ்சைத் தட்டி, வாங்க என்று கையால் கூப்பிட்டாள்.

விக்டோரியா சட்டத்தை விட்டுவிட்டாள். “அவங்களே கூட வர்றாங்களா? அப்டின்னா சரி. மொதல்லயே சொல்றதுக்கு இன்னாபா?”

யேசுதாசை ஏற்றினார்கள். விக்டோரியா ஏறி சுஜினின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் குழுவின் வேன் தெருமுனைக்கு வந்துவிட்டது. குழுத் தலைவர் இறங்கி வந்து கொரிய மொழியில் பேசினார், கோபமில்லாமல், கைக்கடிகாரத்தைக் காட்டி. சுஜின் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். அவர் மறுபடியும் பேசினார். கடைசியில் அவள் ஒவ்வொரு விரலாகத் தன் கையை உருவிக்கொண்டு இறங்கினாள். அவர்கள் வடக்கே ஆந்திரப் பக்கம் போக வேண்டும். ஆம்புலன்ஸ் தெற்கே. கதவு சாத்தும்போது விக்டோரியா, “ஜெரால்டு, எங்க போறாங்க அவங்க? கேளுபா!” என்று கத்தினாள். அவன் கேட்கவில்லை. ஏறி அவள் பக்கத்தில், சுஜின் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டான்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர், “எத்தன நாளா மாத்திர எடுக்கல?” என்று கேட்டார். விக்டோரியா கணவனின் சட்டையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். “இன்னியோட பத்தொன்பது நாளு” என்றான் ஜெரால்டு. “ரெண்டு நாளு முன்னால வந்திருந்தா வெரலோட போயிருக்கும்” என்றார் அவர். திட்டவில்லை. எழுதிக்கொண்டே சொன்னார்.

வியாழக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை. விக்டோரியா அழுது முடித்து வார்டு வராந்தாவில் சுவரில் சாய்ந்திருந்தாள். “அந்த ரெண்டு நாளு…” என்று ஜெரால்டு தொடங்கினான். சொன்னான். திங்கட்கிழமை சுஜினிடம் தான் எதைச் சொல்லாமல் விட்டான் என்பதை, திக்கித் திக்கி, அவளுக்குச் சொன்னான். அவள் கேட்டாளா, கேட்டும் கேட்காததுபோல இருந்தாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. “நாஷ்டா துன்னியா நீ?” என்று மட்டும் கேட்டாள்.

அப்போது அவன் போன் அதிர்ந்தது. சுஜின். அங்கிளின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாள்.

“யாரு, அந்தப் பொண்ணா?” விக்டோரியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “நல்லா கீறாரு, காலு ஆறிக்கினு வருதுன்னு போடு. இன்னும் எத்தன ஊரு போவணுமோ. கேட்டா அயும், பாவம். எவ்ளோ சின்னப் பொண்ணு.”

ஜெரால்டு ஆங்கிலத்தில் டைப் செய்தான். ‘ஆன்ட்டி சொல்கிறார்கள்: கால் ஆறிவருகிறது என்று அந்தப் பெண்ணுக்கு எழுது. உண்மை தெரிந்தால் அழுவாள். அவள் சின்னப் பெண்.’ அடுத்த வரியில்: ‘காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.’ அதற்கும் அடுத்த வரியில் டாக்டர் சொன்ன இரண்டு நாளை எழுதி, ‘அந்த இரண்டு நாள் என்னால் போனது, உன்னால் இல்லை’ என்று முடித்தான்.

“போட்டுட்டியா?”

“போட்டுட்டேன் அத்தே.”

“இன்னா சொல்லுது?”

இரண்டு டிக்கும் நீலமாயின. சுஜின் டைப் செய்துகொண்டிருப்பதாகக் காட்டியது. நின்றது. மறுபடியும் காட்டியது. நின்றது. விக்டோரியா அவன் தோளில் சாய்ந்து, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை அவனோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.